ஹைகிரவுண்டிலிருந்து வீடு திரும்பிய பிறகு: தண்டுவடக் காயத்தின் முதல் ஆண்டு

பனையிலிருந்து விழுந்தவர், கிணற்று வேலையில் சறுக்கியவர், நாற்கரச் சாலையில் பைக்கோடு சரிந்தவர். நம் பக்கத்தில் தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை) அடிபடுவது இப்படித்தான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனையிலோ முதுகில் கம்பி வைத்து, தையல் பிரித்து, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். “ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுட்டு” என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் அடைகிறார்கள். ஆனால் அந்த மனிதர் இனி எப்படி வாழப்போகிறார் என்பதை முடிவு செய்வது ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற முதல் ஆண்டு. அந்த ஆண்டில் தோலும் சிறுநீர்ப்பையும் வீட்டு நிலைப்படியும் என்ன பாடு படுத்தும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதித் துன்பத்தைத் தவிர்க்கலாம்.

முதலில் தோல். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவருக்கு ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருப்பது தெரியாது. நமக்கெல்லாம் உட்கார்ந்த இடம் வலித்தால் தானாகவே அசைந்துகொள்வோம். அந்த அசைவு அவருக்கு இல்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசை நசுங்கி, ரத்தம் போகாமல், இரண்டு மூன்று மணி நேரத்திலேயே திசு சாகத் தொடங்கிவிடும். அதிகம் அடிபடும் இடங்கள்: முதுகு முடிகிற இடத்திலுள்ள முக்கோண எலும்பு, உட்காரும்போது தரையில் படும் இரண்டு எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், கணுக்கால் முட்டி.

படுக்கையில் இருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். மல்லாக்க, இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி. போனில் அலாரம் வைத்துக்கொண்டு, சுவரில் ஒரு தாளை ஒட்டி, திருப்பிய நேரத்தைப் பேனாவால் குறியுங்கள். இரவில் அம்மா, பகலில் அக்கா என்று ஆள் மாறும் வீட்டில் “நீ திருப்பிருப்பேன்னு நெனச்சேன்” என்ற பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது. முழங்கால் இரண்டுக்கும் இடையில் ஒரு தலையணை, கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை. குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் தொங்க வேண்டும். பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது நேர் செங்குத்தாக வைக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்வாக வையுங்கள். இல்லையென்றால் எடை முழுவதும் இடுப்பு எலும்பில் இறங்கிவிடும்.

காற்று மெத்தை வாங்கிவிட்டால் திருப்ப வேண்டாம் என்று நினைப்பது பெரிய தவறு. அது அழுத்தத்தைக் குறைக்கும், நீக்காது. மின்சாரம் போய்விட்டால் ஒரு மணி நேரத்தில் வெறும் ரெக்சின் விரிப்பாகிவிடும். இன்னொரு தவறு, நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையத்திலோ டியூபிலோ உட்கார வைப்பது. ஓட்டைக்கு நேராக உள்ள இடம் தப்பிக்கும், வளையத்தின் விளிம்பு படுகிற இடத்தில் ரத்த ஓட்டம் அடைபடும். நடுப்பகுதிக்கும் அதனால் ரத்தம் குறையும்.

காலையும் மாலையும் கைக்கண்ணாடி வைத்து உடம்பைப் பாருங்கள். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் என்று புத்தகங்கள் சொல்லும். நம் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கட்டி தட்டியதுபோல் இருக்கிறதா, கறுத்து மினுமினுக்கிறதா? அழுத்தத்தை எடுத்த அரை மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வராவிட்டால் அது புண்ணின் ஆரம்பம். அந்த இடம் சரியாகும்வரை அதன்மேல் படுக்கவும் கூடாது, உட்காரவும் கூடாது. கல்யாண வீட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்றாலும் சரி, கூடாது. வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவு தெரிகிற ஓட்டைக்கு உள்ளே உள்ளங்கை அகலத்துக்குக் குழி இருக்கலாம். அதனால் மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதையும் அடைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சூடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நரம்பு தட்டி எழுப்ப என்று ஒத்தடம் கொடுத்துத் தோலைப் பொசுக்கிவிடும் வீடுகள் நிறைய. உணர்வில்லாத காலில் வெந்நீர்ப் பையோ மணல் ஒத்தடமோ வைக்கவே கூடாது. சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வீல்சேரை உருட்டுவது, வெயிலில் நின்ற வீல்சேரின் இரும்பில் கால் படுவது, பைக்கின் சைலன்சர், எல்லாம் இதே கதைதான். மார்புக்கு மேலே அடிபட்டவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. அக்னி நட்சத்திரத்தில் உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் காய்ச்சல்போல் ஏறும். ஈரத்துண்டும் மின்விசிறியும் நிழலும்தான் அதற்கு வைத்தியம்.

அடுத்தது சிறுநீர். டியூபும் பையுமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அதையே வாழ்நாள் முழுக்க வைத்திருக்கத் தேவையில்லை. கை நன்றாக வேலை செய்கிறவருக்கு, நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய குழாயை உள்ளே விட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு, குழாயை வெளியே எடுத்துவிடும் முறைதான் நல்லது. சி.ஐ.சி. என்பார்கள். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு தடவைக்கு 400 முதல் 500 மில்லிக்கு மேல் சேரக் கூடாது. சேர்ந்தால் சிறுநீர்ப்பை விரிந்து, சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்கே திரும்பும் ஆபத்து உண்டு. முதல் வாரம் முழுக்க எவ்வளவு குடித்தார், எவ்வளவு வந்தது என்று அளவு குவளையில் பார்த்து எழுதுங்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் நேரத்தை முடிவு செய்ய முடியும். தண்ணீர் ஒரு நாளைக்கு 2 லிட்டர் அளவில், பகல் முழுக்கப் பிரித்துக் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு செம்பு குடித்தால் கணக்கு தப்பும்.

சோப்பு போட்டுக் கை கழுவுவதுதான் இதில் முக்கியமான வேலை. கழுவி மறுபடி பயன்படுத்தும் குழாய் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்ளே தண்ணீர் ஓடவிட்டு, உதறிக் காயவைத்து, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு பாலித்தீன் பையில் சுருட்டி வைத்தால் கிருமிப் பண்ணைதான். நிரந்தர டியூப் போட்டவர்கள் பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும்படி பார்க்க வேண்டும். ஆட்டோவில் ஏற்றும்போது பையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்துவிடுவார்கள். பையில் உள்ளது திரும்ப உள்ளே போகும். குளிரோடு காய்ச்சல், கலங்கி நாறும் சிறுநீர், காலில் வழக்கத்தைவிட அதிக வெட்டி இழுப்பு, இவை தொற்றின் அறிகுறிகள். காய்ச்சல் இல்லாமல் சோதனையில் மட்டும் கிருமி தெரிந்தால் தானாகவே கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரக ஸ்கேன் அவசியம்.

பெண்கள் பலர், ஆள் உதவி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். கல், தொற்று, காய்ச்சல் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துத் தானே குழாய் விடப் பழக முடியும். கற்றுக்கொடுக்க ஒரு பெண் செவிலியரையோ, ஏற்கெனவே அப்படிச் செய்யும் ஒரு பெண்ணையோ தேடிப் பிடிப்பது குடும்பத்தின் கடமை.

மலம் கழிப்பதற்கு ஒரே நேரத்தைப் பிடியுங்கள். தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், சூடாக ஏதாவது குடித்தோ சாப்பிட்டோ 20, 30 நிமிடம் கழித்து. மூன்று நான்கு வாரம் நேரம் மாறாமல் இருந்தால் உடம்பு அந்த நேரத்துக்குப் பழகிவிடும்.

மார்பின் நடுப்பகுதிக்கு மேலே (மருத்துவர் தாளில் டி6 என்று இருக்கும்) அடிபட்டவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. வீட்டில் உள்ள எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுதல், ரத்த அழுத்தம் விறுவிறுவென்று ஏறுதல். காரணம் பெரும்பாலும் கீழே இருக்கும்: நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிய டியூப், மலச்சிக்கல், இறுகிய உடை. உடனே நேராக உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, வேட்டி, பெல்ட் எல்லாவற்றையும் தளர்த்தி, டியூபில் மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். படுக்க வைக்கக் கூடாது, படுத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். அடங்காவிட்டால் 108 தான். இவர்களுக்கு வழக்கமான மேல் அழுத்தமே 90, 100 என்று இருக்கும். அதனால் 140 என்பது இவர்களுக்கு மிக அதிகம். பார்க்கும் மருத்துவர் “நார்மலை விடக் கொஞ்சம்தானே” என்று விட்டுவிடக்கூடும். வழக்கமான அளவையும் செய்ய வேண்டியதையும் ஒரு தாளில் எழுதி, வீல்சேர்ப் பையில் எப்போதும் வைத்திருங்கள்.

இனி வீடு. நம்மூர்ப் பழைய வீட்டில் தெருவிலிருந்து மூன்று படி, பிறகு தார்சா (முன்கூடம்), பட்டாசல் (நடுக்கூடம்), இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல். ஒவ்வொரு கட்டுக்கும் இடையில் ஒரு நிலைப்படி. கழிப்பறை புறவாசலில். நடக்கிறவருக்கு இது நீளமான வீடு. வீல்சேரில் இருப்பவருக்கோ பூட்டிய ஐந்து கதவு. எல்லாவற்றையும் ஒரே நாளில் இடிக்க முடியாது. படுக்கையை முதலில் தார்சாவுக்கோ பட்டாசலுக்கோ கொண்டுவாருங்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும். பின்கட்டில் ஒதுக்கிப் போட்டால் மனம் உடைகிற வேகம் அதிகம்.

சாய்தளத்தின் கணக்கு 12-க்கு 1. அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆறு அங்குலப் படி மூன்று என்றால் 18 அங்குல உயரம், 18 அடி நீளச் சாய்தளம். தெருவில் அவ்வளவு இடம் கிடையாது, சாக்கடையும் குறுக்கே வரும். அதனால் கொத்தனார் 5 அடியில் முடித்துவிடுகிறார். அந்தச் சரிவில் தானாக ஏறினால் வீல்சேர் பின்பக்கம் கவிழ்ந்து மண்டை அடிபடும். பக்கச் சுவரை ஒட்டி இரண்டாக மடக்கிக் கட்டுவதுதான் வழி: 9 அடி, திருப்பத்தில் 5 அடிக்கு 5 அடி சமதளம், மறுபடி 9 அடி. அகலம் 4 அடி. இரண்டு ஓரத்திலும் மூன்று நான்கு அங்குலத்துக்கு மேடு வையுங்கள், சக்கரம் நழுவாது. மேலே டைல்ஸ் ஒட்டவே கூடாது, ஐப்பசி கார்த்திகை மழையில் வழுக்கும். சிமெண்ட் பூசி ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தைக் குறுக்கே இழுத்துக் கோடு போட்டால் போதும், பிடிமானம் கிடைக்கும். சமதளம் கதவுக்கு முன்னாலும் வேண்டும். சரிவில் நின்றுகொண்டு பூட்டைத் திறக்க முடியாது.

உள்ளே உள்ள மூன்று அங்குல நிலைப்படிகளுக்கு இருபுறமும் 3 அடி நீள மரச்சரிவு போதும். வாசல் நிலையின் உள் அகலம் 32 அங்குலமாவது வேண்டும். 36 என்றால் நிம்மதி. பழைய நிலை 30 அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால், கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டாலே ஒன்றரை அங்குலம் கிடைக்கும். வீல்சேர் முழுதாகத் திரும்ப 5 அடி வட்டம் தேவை. முடுக்கில் வீடு உள்ளவர்கள் வீல்சேர் வாங்கும் முன்பே முடுக்கு முனையை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

கழிப்பறைக்கு, பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை வெட்டிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. வெட்டிய விளிம்பு பத்து நிமிடத்தில் தோலைக் கிழிக்கும். சக்கரமுள்ள, மெத்தை வைத்த கமோடு நாற்காலி இந்தியன் பீங்கானுக்கு மேலேயே தள்ளி நிறுத்தலாம். பிரேக் உள்ளதாகப் பாருங்கள். அதிலும் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம்.

வீல்சேர் சட்டைபோல, அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். முகாமில் கொடுத்தது, மருத்துவமனை மாடல் 18 அங்குலம், மெலிந்த உடம்புக்கு அகலம். உட்கார்ந்தவர் ஒரு பக்கம் சாய்வார். மாதக்கணக்கில் சாய்ந்தால் முதுகு கோணும், சாய்ந்த பக்கத்து எலும்பில் புண் வரும். கெட்டியான நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பின் இரு பக்கமும் புத்தகம் நிறுத்தி, இரண்டு புத்தகத்துக்கும் நடுவே உள்ள அளவை எடுங்கள். இருக்கையின் அகலம் அதே அளவோ ஓர் அங்குலம் கூடவோ. ஆழம், பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை அளந்து 2 அங்குலம் கழித்து. பாதப்பலகை உயரமாக இருந்தால் முட்டி தூக்கிக்கொண்டு எடை எல்லாம் உட்காரும் எலும்பில் இறங்கும். தொடை முழுவதும் மெத்தையில் படியும் உயரம்தான் சரி.

மெத்தை இல்லாத வீல்சேரில் ஒரு மணி நேரம்கூட உட்கார வைக்காதீர்கள். மெத்தை போதுமா என்று பார்க்க, அவர் உட்கார்ந்திருக்கும்போது உட்காரும் எலும்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் விரலை விடுங்கள். விரல் நுனியைச் சற்று மேலும் கீழும் அசைக்க முடிந்தால் பரவாயில்லை. அசைக்கவே முடியாமல் நசுங்கினால் அந்த மெத்தை தேய்ந்துவிட்டது. நல்ல மெத்தை இருந்தாலும், 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிடம் எடையை எடுக்க வேண்டும். கையை ஊன்றி நொடிப்பொழுது எம்பிவிட்டு உட்கார்வது போதாது. ரத்தம் திரும்ப ஓட நேரம் வேண்டும்.

பிரேக் பிடிக்கவில்லை என்று மெக்கானிக்கிடம் ஓடுவதற்கு முன் காற்றைப் பாருங்கள். வீல்சேர் பிரேக் டயரைத்தான் அழுத்துகிறது. காற்று இறங்கினால் கட்டை டயரைத் தொடாது, கட்டிலுக்கு மாறும்போது வண்டி பின்னால் நகர்ந்து ஆள் தரையில் விழுவார். முன் சக்கர அச்சில் நூலும் முடியும் சுற்றிக்கொண்டு சக்கரம் இறுகும். வாரம் ஒரு முறை ஊசியால் எடுங்கள். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் சின்ன முன்சக்கரம் புதைந்துவிடும். அங்கே இருப்பவர்கள் அகலமான பெரிய முன்சக்கரம் கேட்டு வாங்க வேண்டும்.

காகித வேலை சுருக்கமாக. மருத்துவமனைச் சுருக்கத்தில் எந்த எலும்பு மட்டத்தில் காயம், முழுமையானதா பகுதியா என்பது எழுதியிருக்கிறதா என்று வீடு வரும் முன்பே பாருங்கள். மாற்றுத்திறனாளி சான்றுக்கும் யு.டி.ஐ.டி. அட்டைக்கும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) ஆதாரில் உள்ள பெயரே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் ஓரிடத்தில், பின்னால் இன்னோரிடத்தில் இருந்து மனு நிற்பது அடிக்கடி நடக்கிறது. அட்டையின் நிறம், பாதிப்பு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் மாதப் பராமரிப்பு உதவி 2023 ஜனவரியிலிருந்து 2,000 ரூபாய். வருவாய்த்துறை ஓய்வூதியம் 1,500. இரண்டும் சேர்ந்து கிடைக்காது, அதனால் எது என்று கேட்டுவிட்டு மனு போடுங்கள். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. ஆலங்குளம், சங்கரன்கோவில்காரர்கள் தென்காசிக்கும், அம்பாசமுத்திரம், நாங்குநேரிக்காரர்கள் நெல்லைக்கும் போக வேண்டும்.

சாலை விபத்து என்றால் இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் 6 மாதம் என்கிறது. படுக்கையைக் கவனிக்கும் அவசரத்தில் இது நழுவிவிடும். முதல் மாதமே வக்கீலைப் பாருங்கள். கட்டுமானத் தொழிலாளர், பனைமரத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிந்தவர்கள் அங்கும் மனு போட வேண்டும். ரயில் சலுகைக்கு ரயில்வேயின் படிவத்தில் தனியாக மருத்துவர் சான்று வேண்டும். துணையில்லாமல் பயணிக்க முடியாது என்று அதில் இருந்தால்தான் படுக்கை வகுப்பில் இருவருக்கும் 75 சதவீதம் சலுகை.

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவதை எந்தத் தாளும் கற்றுத்தராது. தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தன் சொந்த ஊரில் தொடங்கியது. தனக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். 2020-இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. தண்டுவடக் காயத்துக்கு அங்கே தங்கிப் பயிற்சி பெறும் பிரிவு உண்டு. புண் ஆறிய பிறகு போகலாம் என்று தள்ளிப்போடாமல், வீடு திரும்பிய உடனேயே விசாரித்து இடம் கேளுங்கள்.

அங்கேயோ உங்கள் ஊரிலேயோ, ஐந்தாறு ஆண்டாக வீல்சேரில் இருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அழையுங்கள். சொந்தக்காரர்கள் வந்து “எப்பல நடப்ப?” என்று கேட்பார்கள். பழகியவர் கேட்பது வேறு: “தம்பி, புண்ணு இருக்கா? யூரின் எப்படிப் போகுது? ராத்திரி யாரு திருப்புதா?” அந்த மூன்று கேள்வியில் பாதி வைத்தியம் இருக்கிறது. அவர் எப்படிப் பலகை போட்டுக் கட்டிலுக்கு நகர்கிறார், பஸ் ஏற யாரிடம் எப்படிச் சொல்கிறார், மனைவியோடு எப்படி வாழ்கிறார், எல்லாம் அவர் சொன்னால்தான் காதில் ஏறும்.

ஒன்றியத்தில் ஐந்து பேர் சேர்ந்தாலே மாற்றுத்திறனாளிகள் சுய உதவிக் குழு தொடங்கலாம், ஆண்களும் சேரலாம். குழு இருந்தால் வங்கிக் கடன் ஒரு பக்கம், மாதம் ஒரு முறை ஒருவரையொருவர் பார்ப்பது இன்னொரு பக்கம். ஒருவர் இரண்டு கூட்டம் தொடர்ந்து வரவில்லை என்றால் குழுவில் யாராவது அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் புண் வந்து படுத்திருப்பார், வீட்டில் சொல்லாமல் இருப்பார். போகும்போது ஒரு கைக்கண்ணாடி எடுத்துக்கொண்டு போங்கள்.